‘குச்சி’ சாப்பிட்டிருக்கீங்களா?

காலையில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து சாயங்காலம் எழுந்திருக்கிற வரைக்கும் நாம் எத்தனை தடவை உருது பேசுகிறோம் தெரியுமா? ‘வசூல் ஆச்சா?’, ‘பாக்கி எவ்வளவு?’, ‘நகல் எடுத்தாச்சா?’, ‘ஜாமீன் கையெழுத்து யார் போடறது?’, மேலதிகாரி மேல் கோபம் வந்தால் ‘ராஜினாமா!’... எல்லாமே அரபியிலும் பாரசீகத்திலும் பிறந்து, உருது வழியாகத் தாலுகா ஆபீஸுக்குள் நுழைந்த சொற்கள். (அந்தத் ‘தாலுகா’வும்தான்!) ஆகவே, ‘எனக்கு உருது தெரியாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதெல்லாம் ஃபைலுக்குள் இருக்கிற வரைக்கும் பிரச்னை இல்லை. சமையலறைக்குள் நுழைந்தால்தான் வம்பு!

எங்கள் தெருப் பையன் ஒருவன். வாசலில் நின்றால் பாக் ஜலசந்தி தெரிகிற ஊர் எங்களுடையது. எல்லா வீட்டுப் பையன்களையும் போல அவனும் வளைகுடா நாடு ஒன்றுக்குப் போய், ஓட்டல் கிச்சனில் உதவியாளாகச் சேர்ந்தான். மெனு இங்கிலீஷில். முதலாளி அரபி. பெரிய செஃப் லாகூர்க்காரர், பேசுவது உருது. போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் அவன் குரல்.

“அண்ணே, ஒரு சந்தேகம். இந்த செஃப்பு ‘குச்சி லாவ், குச்சி லாவ்’ங்கிறாரு. நானும் கபாப் குத்துற குச்சியை ஒரு கட்டு எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன். மனுஷன் தலையில அடிச்சுக்கிறாரு. மெனுவுல பாத்தா ‘மோரல்’னு போட்டிருக்கு. மோரல்னா நீதிபோதனைதானேண்ணே? அதை எப்படிண்ணே சமைக்கிறது?”

சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நோண்ட நோண்ட, இது சிரிக்கிற விஷயம் மட்டும் இல்லை என்று தெரிந்தது.

நீதியும் காளானும்

இங்கிலீஷில் நீதிக்கும் இந்தக் காளானுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். உருதுவில் அதன் பெயர் குச்சி. குஜராத்தில் வருகிற ‘கு’வைப் போட்டு, ‘ச்சி’யில் கொஞ்சம் மூச்சையும் கலந்து சொல்ல வேண்டும். தமிழில் எழுதினால் விறகுக்குச்சியும் அதுவும் ஒன்றாகிவிடும். பையன் மேல் தப்பே இல்லை!

ஆள் எப்படி இருக்கும்? ஒரு சின்னத் தேன்கூட்டைக் காம்பில் செருகி வைத்த மாதிரி. உள்ளே வெட்டிப் பார்த்தால் வெற்றிடம். காஷ்மீர், இமாசலப் பிரதேசம், உத்தராகண்ட் மலைகளில் பனி உருகிய பிறகு காட்டில் தானாக முளைக்கும். கிராமத்துப் பெண்களும் பிள்ளைகளும் காடு காடாக அலைந்து பொறுக்கி, நூலில் மாலையாகக் கோத்துக் காயவைக்கிறார்கள். பச்சைக் காளான் பத்து கிலோ காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும். அந்த ஒரு கிலோவுக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய் சொல்கிற கடைகள் உண்டு. வடநாட்டுப் பணக்காரக் கல்யாணங்களில் ‘குச்சி புலாவ்’ போட்டார்கள் என்றால், பெண் வீட்டார் கொஞ்சம் வசதி என்று அர்த்தம்.

சரி, அர்த்தம் கிடைத்துவிட்டது. முடிந்ததா? இல்லை. பழைய இங்கிலீஷ் மூலிகைப் புத்தகங்களில் ‘மோரல்’ என்றால் காளானே இல்லை, செடி! ‘சின்ன மோரல்’ என்று அவர்கள் சொன்னது எது தெரியுமா? நம்ம மணத்தக்காளி. உருதுவில் ‘மக்கோய்’. யுனானி வைத்தியத்தில் ‘இனபுஸ் ஸஅலப்’, அதாவது நரித் திராட்சை. வாய்ப்புண்ணுக்கு அம்மா வைத்துக் கொடுக்கிற அதே கீரை. ஆனால் ‘பெரிய மோரல்’ என்றால் பெல்லடோனா. அதன் பழம் கொடிய விஷம். ஒரே பெயரின் கீழே ஒரு விருந்து, ஒரு கீரை, ஒரு விஷம்! அகராதியில் விரலை வைக்கும்போது எந்த வரியில் வைக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

பெயரே பொய் சொன்னால்?

குச்சியைப் போலவே பார்வைக்கு இருக்கிற இன்னொரு காளானுக்கு இங்கிலீஷில் ‘போலி மோரல்’ என்று பெயர். தொப்பி தேன்கூடாக இல்லாமல் மூளை மாதிரி மடிந்து மடிந்து இருக்கும். விஞ்ஞானிகள் அதற்கு வைத்த லத்தீன் பெயர் ‘கைரோமித்ரா எஸ்குலெண்டா’. ‘எஸ்குலெண்டா’ என்றால் ‘சாப்பிடத் தகுந்தது’ என்று பொருள். ஆனால் அது ஆளைக் கொல்லும்!

அதிலுள்ள நஞ்சு நம் உடம்புக்குள் போனதும் ‘மோனோமெதில் ஹைட்ரஸின்’ என்ற பொருளாக மாறுகிறது. நமது பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காவது கட்டத்தில் எரிகிற எரிபொருள் அதேதான். கலாம் பிறந்த ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு ராக்கெட் மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும், எரிபொருளைக் குழம்பில் ஊற்றிக்கொள்ள முடியுமா?

சரி, அசல் குச்சியாவது சாதுவா? வேகவைத்தால் சாது. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால் அதுவும் முறைக்கும். 2023-ல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 51 பேர் நோயில் விழுந்தார்கள். இரண்டு பேர் செத்தே போனார்கள். விசாரித்ததில் சந்தேகம் முழுக்க வந்து நின்றது, சரியாக வேகாத மோரல் காளான் மேல்.

இதைப் பையனுக்குச் சொன்னேன். “நல்லவேளைண்ணே. சாலட்ல பச்சையாப் போட்டா ருசியா இருக்குமான்னு கேக்கலாம்னு இருந்தேன்” என்றான். அகராதி அவனுக்குப் பெயரைச் சொல்லிக் கொடுத்திருக்கும். ‘வேகவெச்சுத் தின்னு’ என்பதை எந்த அகராதி சொல்லும்?

குடைகளின் மாநாடு

தெரியாத காளானை உலகம் எப்படிக் கூப்பிடுகிறது என்று பாருங்கள். தமிழில் நாய்க்குடை. வங்காளத்தில் ‘பேங்கேர் சாத்தா’, அதாவது தவளைக்குடை. உருதுவில் பொதுவாகக் காளானுக்குக் ‘கும்பி’ என்று ஒரு சொல் இருந்தாலும், கண்ட இடத்தில் முளைப்பதற்கு ‘ஸாம்ப் கீ சத்ரி’, பாம்புக்குடை. ஹிந்தி இன்னும் ஒரு படி கீழே இறங்கி, ‘குகுர்முத்தா’ என்கிறது. நாய் மூத்திரம்! இங்கிலீஷ்காரன் குடை பிடிக்காமல், தேரை உட்காருகிற முக்காலி என்கிறான்.

நாய், தவளை, பாம்பு, தேரை... ஒரு பசு, ஒரு மயில், ஒரு மான் உண்டா? ஒன்றுகூடக் கிடையாது. ஒருவரை ஒருவர் பார்த்திராத கிழவிகள் ஐந்து மொழிகளில் உட்கார்ந்து ஒரே முடிவுக்கு வந்த மாதிரி இருக்கிறது: ‘பேரைக் கேட்டதுமே பிள்ளை கையை எடுக்கணும்.’ நாய்க்குடை என்பது வசவு இல்லை சார், எச்சரிக்கைப் பலகை. ‘அபாயம், தொடாதே’ என்று மண்டையோடு போடுவதற்குப் பதிலாக நாயைப் போட்டிருக்கிறார்கள்!

மொழிபெயர்க்கும்போது முதலில் காணாமல் போவது இந்தப் பலகைதான். நாய்க்குடை, பாம்புக்குடை எல்லாமே ‘மஷ்ரூம்’ ஆகிவிடுகிறது. மஷ்ரூம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவதோ பிரியாணியும் மஞ்சூரியனும்.

பழந்தமிழில் காளானுக்கு ஆம்பி என்று பெயர். புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தன் வறுமையைச் சொல்லும்போது, சமைத்தே நாளாகிப்போன அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதைச் சொல்கிறார். அன்றைக்கு அடுப்பில் காளான் இருந்தால் அந்த வீடு பட்டினி. இன்றைக்கு அடுப்பில் காளான் இருந்தால் சம்பள நாள்!

கீழக்கரை ஆலிம்சா சொன்ன கதை

உருதுவும் அரபியும் ஒருசேரத் தெரிந்தவரைக் கேட்டால் என்ன என்று, கீழக்கரையில் பழக்கமான ஆலிம்சா ஒருவரைத் தேடிப் போனேன். வேலூரில் ஓதியவர். சுலைமானி டீ வந்தது.

“தம்பி, நம்ம கடற்கரையில உருது வீட்டுப் பாஷை கிடையாது. எங்க உம்மா பேசினது தமிழ். வாப்பா கடுதாசி எழுதினது அரபுத்தமிழ். தமிழை அரபி எழுத்துல எழுதறது. உருது எனக்கு மதரஸாவுல வந்ததுதான்” என்று ஆரம்பித்தார்.

காளானைப் பற்றிக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “நபிமொழியில ‘கம்ஆ’ன்னு ஒண்ணு வரும். அது ‘மன்னு’ வகையைச் சேர்ந்தது, அதோட தண்ணி கண்ணுக்கு நிவாரணம்னு இருக்கு. உருது கிதாபுல அதைக் ‘கும்பி’ன்னு போடுவாங்க. தமிழ்ல ‘சமையல் காளான்’னு போட்டிருக்காங்க. இங்கிலீஷ்ல ‘ட்ரஃபிள்’. இதுல எது சரி, சொல்லுங்க பாப்போம்?”

நான் முழித்தேன்.

“இங்கிலீஷ்தான் கிட்ட வருது. ஏன்னா கம்ஆ குடையே பிடிக்காது. தண்டு கிடையாது, தொப்பி கிடையாது. பாலைவனத்துல மண்ணுக்குள்ள உருளைக்கிழங்கு மாதிரி உருண்டையா கிடக்கும். மேல மண்ணு லேசா வெடிச்சிருக்கும். அதைப் பாத்துத் தோண்டி எடுப்பாங்க. குவைத், சவூதில ‘ஃபகா’ம்பாங்க. நம்ம பிள்ளைங்க குளிர்காலத்துச் சந்தையில பாத்திருப்பாங்க. வெள்ளையா இருக்கிற ‘ஸுபைதி’க்கு விலை ஜாஸ்தி.”

டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். “இப்ப ஒருத்தன் ‘காளான்’னு படிச்சுட்டு, கொல்லையில முளைச்சதைப் புழிஞ்சு கண்ணுல விட்டுக்கிட்டா? கண்ணு போயிடும் தம்பி! கிதாபு மேல தப்பில்லே. தர்ஜுமா பண்ணினவரு மேலயும் முழுத் தப்பில்லே. பாலைவனத்துப் பண்டத்துக்கு நம்ம ஊர்ல பேரே இல்லையே, அவரு என்ன செய்வாரு? படிக்கிறவன்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.”

கிளம்பும்போது ஒரு கொசுறும் கொடுத்தார். அரபிகள் அந்தக் கம்ஆவை ‘இடியின் மகள்’ என்று சொல்வார்களாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘இடி இடிச்சா காளான் முளைக்கும்’ என்று எங்கள் பாட்டி சொல்வாள். குச்சியும் இடிக்குத்தான் முளைக்கும் என்பது இமயமலைக்காரர்களின் நம்பிக்கை. பெயர்கள் மூன்று பக்கம் போனாலும் இடி மட்டும் ஒன்றுதான்!

சிப்பிக்குள் காளான்

எல்லா மொழிபெயர்ப்பும் காலை வாருகிறது என்று சொல்லிவிட முடியாது. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துப் பக்கம் சங்கும் சிப்பியும் விற்கிற ஓர் அக்காவிடம், “சிப்பிக் காளான் கேள்விப்பட்டிருக்கீங்களாக்கா?” என்றேன்.

“சிப்பிக்குள்ள முத்து இருக்கும், ஊத்தை இருக்கும். காளான் எங்கேருந்து வரும்? வாங்கறதுன்னா வாங்குங்க தம்பி, வெயில் ஏறுது” என்றார்.

செல்போனில் படத்தைக் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தார். தட்டிலிருந்த சிப்பி ஒன்றை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். “அட, அதே விசிறி மாதிரிதான் இருக்கு. பேரு வெச்சவன் கடக்கரைக்காரனாத்தான் இருப்பான்!”

இங்கிலீஷில் ‘ஆய்ஸ்டர் மஷ்ரூம்’. ஹிந்தியில் அதைச் சிப்பியாக்காமல் ‘டிங்க்ரி’ என்கிறார்கள். தமிழில் மட்டும் அச்சு அசலாகச் சிப்பிக் காளான். பெயர் வைத்தது உருவத்தைப் பார்த்து. அந்த உருவம் நம் கடற்கரையில் கொட்டிக் கிடக்கிறது. அதனால் மொழிபெயர்ப்பு கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

இந்த வறண்ட சீமைக்கும் காளான் வரலாற்றில் பங்கு உண்டு. ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்’ என்று மேலதிகாரிகள் மிரட்டுவார்களே, அது எங்கள் ஜில்லாதான். இங்கே பெய்கிற மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் தீர்ந்துவிடும். ஆனால் கடைகளில் வெள்ளைவெளேர் என்று விற்கும் பால் காளானில் ‘ஏ.பி.கே. 2’ என்று ஒரு ரகம் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. ஏ.பி.கே. என்றால், பக்கத்து அருப்புக்கோட்டை! வெயிலைத் தாங்கும் காளான் வெயில் ஊர்ப் பெயரோடு வந்ததில் ஆச்சரியம் என்ன?

ஊர் மாறிய கண்

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். பிழைக்கப் போன ஊரில் ரூமில் நாலு பேர் சேர்ந்து சமைக்கிற தம்பிமார்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

நம் ஊரிலும் சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வைக்கோல் காளான் என்று ஒன்று உண்டு. நல்ல காளான். முளைக்கும்போது முட்டை மாதிரி உறைக்குள் இருந்து, உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஐரோப்பாவிலிருந்து மரங்களோடு மரங்களாக அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்ச் சேர்ந்த ஒரு காளானும் அதேபோல முட்டையிலிருந்துதான் வரும். அதன் இங்கிலீஷ் பெயரைத் தமிழில் சொன்னால் ‘மரணத் தொப்பி’.

1981-ல் கலிஃபோர்னியாவில் குடியேறியிருந்த லாவோஸ் அகதிகள், ஊரில் தின்று பழகிய காளான் என்று நம்பிப் பறித்துச் சமைத்து, விஷத்தில் விழுந்தார்கள். 2011 டிசம்பர் 31 இரவு, ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் ஓர் உணவகச் சமையல்காரர் புத்தாண்டு விருந்து சமைத்தார். அதில் மரணத் தொப்பி இருந்தது. அவரும் கூட வேலை பார்த்த ஒரு பெண்ணும் சில நாட்களில் இறந்தார்கள். யோசித்துப் பாருங்கள். அவர் காளான் தெரியாதவர் இல்லை, சமையலே தொழில். கண் பழகியது ஓர் ஊரில், கை பறித்தது இன்னோர் ஊரில். அவ்வளவுதான்.

அந்த விஷம் வேகவைத்தாலும் போகாது. தின்ற உடனே ஒன்றும் செய்யாது. ஆறு மணி நேரம், சில சமயம் அதைவிட அதிகம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் வரும். பிறகு ‘சரியாப் போச்சு’ என்பது போல ஒரு நாள் தெளியும். அந்தத் தெளிவை நம்பி வீட்டில் படுத்துவிட்டால் போச்சு, உள்ளே ஈரல் கருகிக்கொண்டிருக்கும். காளான் தின்று வயிறு கெட்டால், தெளிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிச்சமிருக்கும் காளானையும் ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். டாக்டருக்கு எந்த மொழிப் பெயரும் வேண்டாம், பொருளைக் காட்டினால் போதும்!

காளான் கதையளப்புகள் நான்கு

• ‘வெள்ளிக் கரண்டி கறுத்தால்தான் விஷம்.’ தவறு. மரணத் தொப்பி வெள்ளியைக் கறுக்க வைக்காது.

• ‘பூச்சி அரித்திருந்தால் மனுஷனும் தின்னலாம்.’ பூச்சியின் வயிறு வேறு, உங்கள் வயிறு வேறு.

• ‘மஞ்சள் போட்டு வேகவைத்தால் விஷம் முறிந்துவிடும்.’ மஞ்சள்தான் வீண்.

• ‘இடி இடித்தால் காளான் பெருகும்.’ இதை மட்டும் சட்டென்று தள்ளிவிடாதீர்கள். ஜப்பானில் இவாட்டே பல்கலைக்கழகத்தார் செயற்கை மின்னல் பாய்ச்சிப் பார்த்ததில், சில வகைக் காளான்கள் கூடுதலாக விளைந்ததாக 2010-ல் செய்தி வந்தது. பாட்டிக்கு ஒரு ஷொட்டு!

கடைசியாக...

ஒரு காளானின் பெயரை உருதுவில் கேட்டால் குச்சி, மக்கோய், கும்பி, பாம்புக்குடை என்று ஒன்றுக்கு நாலாகக் கிடைக்கும். பெயர் கிடைப்பது சுலபம். அந்தப் பெயரோடு சேர்ந்து வரவேண்டிய ‘எங்கே முளைக்கும், எதைப்போல இருக்கும், எப்படி வேகணும், எதைத் தொடக்கூடாது’ என்பதெல்லாம் அந்தந்த மண்ணுக்காரர் வாயில்தான் இருக்கிறது. அது அகராதியில் ஏறுவதில்லை.

ஐப்பசி மழை விட்ட மறுநாள் எங்கள் பக்கம் வாருங்கள். கருவேலங்காட்டு ஓரத்திலும் பனைமரத்தடியிலும் வெள்ளை வெள்ளையாக நிற்கும். அழகாகத்தான் இருக்கும். ஆசை வந்தால் மார்க்கெட்டில் சிப்பிக் காளானோ பால் காளானோ கால் கிலோ வாங்கி, நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். மழையில் நிற்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் குடை நாய்க்கென்று எழுதி வைத்தது. நமக்கு எதற்கு?